வெட்டாத ஃபில்டர்

இந்தக் கதையை எனக்குச் சொன்னவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனாலும் பல வருஷமாக எனக்கு இதன் மேல் ஒரு சந்தேகம். எங்கேயோ ஒரு திருகாணி லூசாக இருக்கிறது. எது என்று கை வைத்துக் காட்டத்தான் முடியவில்லை. நான் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற ஆள் என்பதால், குறை என்னிடமோ என்றும் தோன்றும். எதற்கும் அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழாய்த் தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். வீட்டிலும் அதே உத்தியோகம்தான், சம்பளம் மட்டும் கிடையாது. செருப்பு வாங்கினால் அடியைப் பிரித்துப் பார்ப்பார். தலையணை வாங்கினால் பஞ்சை வெளியே எடுத்துப் பார்ப்பார். திரும்பத் தைப்பது மனைவியின் இலாகா.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அறிவித்தார்.

"சனிக்கிழமை போய் அக்காவைக் கார்ல கூட்டிட்டு வரப்போறேன். ரெண்டு மாசம் நம்மளோட இருக்கட்டும்."

அக்கா போன தடவை வந்தபோது சமையலறையில் இருந்த டப்பா ஒவ்வொன்றும் இடம் மாறியது. உப்பு எங்கே என்று மனைவி தன் வீட்டிலேயே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஊருக்குக் கிளம்பும்போது, "பரவால்ல, போகப்போகக் கத்துக்குவே" என்று அக்கா ஒரு நற்சான்றிதழும் கொடுத்துவிட்டுப் போனார்.

"வரட்டும்" என்றாள் மனைவி. பரிசோதகர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அக்காவுக்கு பஸ்ஸும் ஆகாது, ரயிலும் ஆகாது. "மத்தியானம் வரைக்கும் பார்ப்பேன். நீ வரலைன்னா சின்னவன் வீட்டுக்குப் போயிடுவேன். அவன் எப்ப கூப்பிட்டாலும் வண்டியோட வந்து நிப்பான்" என்று போனில் கெடு வைத்துவிட்டார். சின்னவன் என்றால் கடைசித் தம்பி. அவனிடம் தோற்பதா? பரிசோதகர் ஒரு சபதம் எடுத்தார். இந்தத் தடவை மெக்கானிக் வேண்டாம். தூரப் பயணம் கிளம்பும் முன் இன்ஜின் ஆயிலைத் தன் கையாலேயே மாற்றுவது. உலகத்திலேயே உருப்படியான ஆயில் ஃபில்டர் எது என்று கண்டுபிடித்து, அதைத்தான் மாட்டுவது.

மூன்று கம்பெனி ஃபில்டர் வாங்கினார். கறுப்பு, ஆரஞ்சு, நீலம். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி. ஒன்று வெட்டிப் பார்க்க, ஒன்று மாட்ட.

சனிக்கிழமை விடிந்ததும் காருக்கு அடியில் தட்டை வைத்து, பழைய ஆயிலை வடியவிட்டு, பழைய ஃபில்டரைக் கழற்றினார். குப்பையில் போடப் போனவரை மனைவி தடுத்தாள்.

"என்னங்க, பழசையும் வெட்டிப் பார்த்தாத்தானே புதுசு எவ்வளவு தேவலைன்னு தெரியும்?"

பரிசோதகர் திகைத்துப்போனார். அதுவரைக்கும் காரைப் பற்றி அவள் கேட்டிருந்த ஒரே கேள்வி, "எப்ப விப்பீங்க?" என்பதுதான்.

ரம்பத்தை எடுத்தார். பழசு இரண்டானது. அடுத்து கறுப்பு. உள்ளே காகித மடிப்புகளின் இரண்டு முனையிலும் வெறும் அட்டை ஒட்டியிருந்தது. "அட்டைப்பெட்டி வியாபாரம்" என்று தள்ளி வைத்தார். ஆரஞ்சில் மடிப்புகள் ஒன்றோடொன்று சண்டை போட்ட மாதிரி விலகிக் கிடந்தன. நீலத்தை வெட்டினார். அடடா! சீரான மடிப்பு, முனையில் தகரம், வண்டி நிற்கும்போது ஆயிலைத் திரும்ப வடியவிடாத மெத்தென்ற ரப்பர்.

"இங்க பாரு, இதுக்குப் பேருதான் வேலை!"

"இஸ்திரி போட்ட மாதிரியே இருக்குங்க."

"மாட்டிட்டு வரேன். எட்டு மணிக்குக் கிளம்பிடலாம்."

நீலத்தின் ஜோடியைக் கையில் எடுத்தார்.

"தெரியாமத்தான் கேக்குறேன்" என்றாள் மனைவி. "நல்லா இருந்தது நீங்க வெட்டினது. மாட்டப்போறது வெட்டாதது. இது உள்ள எப்படி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

பரிசோதகருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷ சர்வீஸில் எந்த மேலதிகாரியும் கேட்காத கேள்வி.

"இந்த மாதிரி எங்க கம்பெனியில ஒருத்தன் கேட்டதில்லடி!"

"ஏதோ மனசுல பட்டுச்சு."

வெட்டினார். உள்ளே ஓரிடத்தில், நகக்கண் அளவுக்கு, பசை விட்டுப்போயிருந்தது.

"பார்த்தியா! பார்த்தியா!" புதையல் கிடைத்தவர் மாதிரி குதித்தார்.

"அப்ப கறுப்போட ஜோடி ஒருவேளை நல்லா இருக்குமோ?"

அதையும் வெட்டினார். அதுவும் அட்டைதான்.

"ஆரஞ்சை மட்டும் ஏங்க விட்டுவைக்கணும்? பாவம்."

மேஜை பிணவறை மாதிரி ஆகிவிட்டது. பழசோடு சேர்த்து ஏழும் வயிறு கிழிந்து கிடந்தன. வெளியே காரில் ஆயிலும் இல்லை, ஃபில்டரும் இல்லை. அப்போதுதான் பரிசோதகர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா வைத்த மத்தியானக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

"நான் வேணா ஓடிப்போய் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா?" மனைவி செருப்பையே மாட்டிவிட்டாள்.

"வாங்கலாம். ஆனா வெட்டிப் பார்க்காம அதை எப்படி நம்புறது?"

"அப்ப வெட்டிப் பார்த்துருங்க."

"வெட்டினா மாட்ட முடியாதே!"

"ஆமால்ல" என்று அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "பெரிய சிக்கல்தாங்க." செருப்பைக் கழற்றிவிட்டாள்.

இருவரும் யோசித்தார்கள். அவர் அதிகமாக யோசித்தார். யோசனை முடியும் முன்பே போன் அடித்தது. மனைவி எடுத்தாள்.

"அண்ணி, கார் படுத்துருச்சு. உங்க தம்பி காலையிலேருந்து டீகூடக் குடிக்காம ஆபரேஷன் பண்ணிட்டிருக்காரு... ஐயோ, எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? டப்பா எல்லாம் துடைச்சு வெச்சேன்... சின்னவரு வந்துட்டாரா? சரி அண்ணி, பத்திரமாப் போங்க."

அக்கா அந்த இரண்டு மாசமும் சின்னவன் வீட்டு டப்பாக்களை இடம் மாற்றினார். அடுத்த வாரம் மெக்கானிக் கைக்கு அகப்பட்ட ஒரு ஃபில்டரைத் திருகி மாட்டினார். கார் இன்னமும் ஓடுகிறது.

பரிசோதகர் இதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் ஒரே பெருமை. "அக்கா வராம போனது வருத்தம்தான். ஆனா அன்னைக்குத்தான் என் பொண்டாட்டிக்கு இன்ஜின் விஷயத்துல ஒரு ஆர்வம் பொறந்துச்சு தெரியுமா? அதுக்கு நூறு ஃபில்டர் வெட்டலாம்!"

நானும் தலையை ஆட்டிவிட்டு வருவேன். வந்து மனசுக்குள் போட்டு உருட்டுவேன். போன வாரம் கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது, அவர் மறுபடியும் ஆரம்பித்தார். அந்தத் திருகாணி சட்டென்று கையில் தட்டுப்பட்டது. கேட்டுவிட்டேன்.

"அண்ணே, அந்த சனிக்கிழமைக்கு அப்புறம், வீட்டம்மா ஃபில்டரைப் பத்தி ஒரே ஒரு வார்த்தையாவது கேட்டிருக்காங்களா?"