வெளிச்சம் பத்தலை

"லைட் கொஞ்சம் டிம்மா இருக்கு அங்கிள். எழுத்து சரியாத் தெரியல" என்று நிகில் சொன்ன பிறகுதான் வினையே ஆரம்பித்தது.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில், வருங்கால மாமனார் பத்மநாபன் வீட்டு சோபாவில் அவன் உட்கார்ந்திருந்தான். கையில், அச்சகத்திலிருந்து மத்தியானம் வந்த கல்யாணப் பத்திரிகையின் புரூஃப்.

"நாங்க எல்லாரும் படிச்சாச்சு. நீங்களும் ஒரு தடவை சத்தமாப் படிச்சுட்டா இன்னைக்கே ஓகே சொல்லிடலாம்" என்றார் பத்மநாபன்.

டெல்லியில் பிறந்து வளர்ந்த நிகிலுக்குத் தமிழ் பேசத்தான் வரும். படிக்க ஓர் எழுத்துகூடத் தெரியாது. தமிழ் படிக்கத் தெரிந்த பையன்தான் மாப்பிள்ளையாக வேண்டும் என்று பத்மநாபன் பிடிவாதம் பிடித்ததால், பயோடேட்டாவில் 'தமிழ் நன்றாகத் தெரியும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தான்.

"டிசம்பர்ல அஞ்சு மணிக்கே இருட்டிடுது" என்று, கல்யாணப் பெண் ப்ரீதாவின் அம்மா சாவித்திரி இன்னொரு டியூப்லைட்டைப் போட்டாள். "இப்போ?"

"இன்னும் கொஞ்சம் ஆன்ட்டி..."

ப்ரீதா தன் டேபிள் லேம்ப்பைக் கொண்டுவந்து அவன் மூக்குக்கு நேராக வைத்தாள். பத்மநாபன் மொபைல் டார்ச்சை அடித்தார். போலீஸ் ஸ்டேஷனில் விசாரிக்கிற மாதிரி இருந்தது. அந்தக் குளிரிலும் நிகிலுக்கு வியர்த்தது.

"இப்பவுமா தெரியல? உங்களுக்கு இருபத்தாறு வயசுதானே?"

"லேசா மங்கலா இருக்கு அங்கிள்."

பத்மநாபன் மனைவியை உள்ளே கூப்பிட்டார். ரகசியமாகப் பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டது ஹால் முழுக்கக் கேட்டது.

"சாவித்திரி, பையனுக்கு மாலைக்கண். மறைச்சுட்டாங்க. ஜல்தி கண் டாக்டர்கிட்டக் காட்டணும். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் பத்திரிகையும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம்."

ப்ரீதாவின் முகம் வாடிவிட்டது. "நிஜமாவே தெரியலியா நிகில்?" என்று கேட்டவளின் கண்ணில் நீர் தளும்பியது. அதைப் பார்த்ததும் அவனுக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளை அப்பா உரக்கப் படிக்க எத்தனை தடவை கேட்டிருக்கிறான்.

"அங்கிள், இப்போ நல்லாத் தெரியுது" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, காகிதத்தில் விரலை ஓட்டினான். "நிகழும் மங்களகரமான வருஷம், தை மாசம், சுபயோக சுபதினத்தில்..." தெரிந்த பெயர்களையெல்லாம் நடுவில் செருகி, "சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து" என்று ஒரு வழியாகக் கரை சேர்ந்தான்.

பத்மநாபன் காகிதத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நிகில் சோபாவின் நுனிக்கு நகர்ந்தான்.

"ஒரு எழுத்து பிசகல" என்றார் அவர். "மத்தியானம் நான் படிச்சப்போ கண்ணே கலங்கிடுச்சு."

"என் பேரைக்கூட நல்லாப் பெரிசாப் போட்டிருக்காங்க" என்றாள் சாவித்திரி.

"எனக்கு அந்தக் கடைசி வரி ரொம்பப் பிடிச்சுது" என்றாள் ப்ரீதா.

வாய்க்கு வந்ததெல்லாம் அப்படியே அச்சாகியிருக்கிறதே என்று நிகில் தனக்குள் அதிசயித்துக்கொண்டிருந்தபோது, அழைப்பு மணி அடித்தது. அச்சகத்து வடிவேல், கையில் ஒரு கவரோடு மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார், கவர் மாறிப்போச்சு. உங்களோடது இதுதான், அந்த மலையாளப் பத்திரிகையைத் திருப்பிக் குடுத்துடுங்க."