கம்பளத்துக்கு எடுத்த ஆரத்தி

கம்பளத்தில் வாடை அடித்தால் முதலில் செய்ய வேண்டிய காரியம், கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பது. இதை நான் அடித்துச் சொல்வேன். கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன் என்ற தகுதியில் அல்ல. தலைதீபாவளிக்குப் போன இடத்தில் மாமனார் வீட்டுக் கம்பளத்தைக் குழம்பு வைக்கப் பார்த்தவன் என்ற தகுதியில். இந்த விஷயத்தில் என்னைவிட அனுபவசாலி இந்த டெல்டாவிலேயே கிடையாது.

என் மனைவி கவிதாவின் வீடு காரைக்கால் தலத்தெருவில் இருக்கிறது. மாமனார் குவைத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வீடு கட்டினார், இரண்டு பெண்களுக்கும் நகை சேர்த்தார், சொந்தக்காரர் ஒருவர் விடாமல் சென்ட் பாட்டில் கொடுத்தார். அவர் கொண்டுவந்த சாமான்களில் வெண்ணெய் நிறக் கம்பளம் ஒன்றும் உண்டு. "எல்லாருக்கும் வாங்குனது போக எனக்குன்னு வாங்குனது இது ஒண்ணுதாங்க மாப்ள" என்று அதைத் தடவிக்கொண்டே சொன்னார். முக்கியமான விருந்தாளி வந்தால்தான் அது பரணைவிட்டு இறங்கும். எனக்காக இறக்கிக் கூடத்தில் விரித்திருந்தார்.

வாசலிலேயே அத்தை ஆரத்தி எடுத்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த, செக்கச்செவேலென்ற ஆரத்தி. மஞ்சள் காரப்பொருளோடு சேர்ந்தால் சிவக்கும். இதை நான் வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். (இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

தீபாவளிக்கு மறுநாள் மழை கொஞ்சம் விட்டது. மீன் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். "நீங்க எதுக்கு மாப்ள சிரமப்படுறீங்க, நான் போறேன்" என்று மாமா சட்டையைத் தேடினார். கும்பகோணத்துக்காரனுக்கு மீன் வாங்கத் தெரியாது என்று நினைக்கிறாரோ என எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில் முண்டியடித்து, எதற்குக் குரல் கொடுக்கிறோம் என்றே தெரியாமல் குரல் கொடுத்து, ஒரு பிளாஸ்டிக் பை நிறையத் தலையோடு இறால் வாங்கிவிட்டேன்.

நேராகக் கொல்லைப்பக்கம் போயிருக்கலாம். போகவில்லை. கூடத்தின் நடுவே, அந்தக் கம்பளத்தின் மேல் நின்று, பையை உயரத் தூக்கி, "எப்படி?" என்றேன். இறால் தலையில் இருக்கும் கொம்பு பையைக் குத்திப் பொத்தல் போடும் என்பது காரைக்காலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு என் கால்விரல்கள் நனைந்தபோதுதான் தெரிந்தது.

"பரவால்லீங்க மாப்ள, தண்ணிதானே" என்றார் மாமா. அத்தை ஒரு துணியால் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இறால் தொக்கு பிரமாதமாக இருந்தது.

மறுநாள் காலையில் கம்பளம் தன் வேலையைக் காட்டியது. ஐப்பசி மழை திரும்பப் பிடித்துக்கொண்டதால் ஜன்னலைத் திறக்க வழியில்லை. கூடத்தில் மூச்சுவிட முடியவில்லை. ஆனால் வாடை என்ற பேச்சையே ஒருவரும் எடுக்கவில்லை. எடுத்தால் மாப்பிள்ளையைக் குற்றம் சொன்னதாகிவிடுமே! மாமா வாசல்படியில் சாரலில் நனைந்தபடி பேப்பர் படித்தார். அத்தை ஓயாமல் ஊதுபத்தி ஏற்றினார். மைத்துனி ரேவதி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, "ஜலதோஷம் அத்தான்" என்றாள். பக்கத்து வீட்டு அம்மாள்தான் உள்ளே வந்த வேகத்தில் கேட்டுவிட்டார்.

"என்னக்கா, மழையில போயி கருவாடு போட்டுருக்கீங்க?"

அத்தை அவரைக் கையைப் பிடித்து அப்படியே கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. நாறவைத்தவன் நான், மணக்கவைப்பதும் நானே என்று முடிவெடுத்தேன். எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பியபோது, தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே தங்கினேன். என் கணக்கு ரொம்பத் தெளிவானது. மீனைக் கழுவ உப்பும் மஞ்சளும். மீன் கழுவிய கைக்குப் புளி. காலங்காலமாக இந்தப் பக்கத்து அடுப்படிகளில் நடப்பதுதானே? கம்பளம் மட்டும் என்ன கொம்பா?

கல் உப்பை அள்ளிப்போட்டுத் தேய்த்தேன். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் புளியைக் கரைத்து ஊற்றினேன். மஞ்சள்தூள் டப்பாவைக் கவிழ்த்து, திருக்கை மீனைக் கழுவும் சிரத்தையோடு இரண்டு கையாலும் பிசைந்தேன். இறால் வாடை அப்படியே இருக்க, குழம்பு வாடையும் வந்து சேர்ந்துகொண்டது. வெண்ணெய் நிறக் கம்பளம் மஞ்சப்பையாக மாறியிருந்தது. கொஞ்சம் பதறினேன். சலவைத்தூளை வாரி இறைத்து, துணி துவைக்கும் பிரஷ்ஷால் அரக்கித் தேய்த்தேன்.

கம்பளம் சிவந்தது.

முதலில் ஓரத்தில், பிறகு நடுவில், பிறகு நுரை, பிறகு என் கை, கால், வேட்டி எல்லாம். சலவைத்தூள் காரம். மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால்... என் கரும்பலகை, என் கையெழுத்து, எல்லாம் அப்போதுதான் கண்முன் வந்தது. நான் எவ்வளவு தெளிவாகப் பாடம் நடத்துகிறேன் என்று அந்த நிலையிலும் எனக்கே பெருமையாக இருந்தது.

வாசலில் குடைகள் மடங்கும் சத்தம் கேட்டது. சிவப்புத் தண்ணீர் என்னை முந்திக்கொண்டு நிலைப்படி தாண்டிப் போய் அவர்களை வரவேற்றது.

"அய்யோ, மாப்ளக்கி என்னாச்சு!" என்று அத்தை அலறினார்.

"ரத்தம் இல்லீங்க அத்தை, மஞ்சள்தான்" என்றேன்.

கவிதா என்னையும் கம்பளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏங்க, நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே?"

ரேவதிக்கு ஜலதோஷம் பறந்துவிட்டது. "அம்மா, நீ தட்டுல ஆரத்தி எடுத்தே. அத்தான் கம்பளத்துலயே எடுத்துட்டாரு!"

எல்லோரும் சிரித்தார்கள், மாமாவைத் தவிர. அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, ஈரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "பரவால்லீங்க மாப்ள. இந்தக் கலரும் நல்லாத்தான் இருக்கு" என்றார். கையை மட்டும் கம்பளத்திலிருந்து எடுக்கவில்லை.

"நாலு வார்த்தை திட்டிடுங்க மாமா" என்றேன்.

"மாப்ளய எப்படிங்க திட்டுறது?"

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஆசை ஆசையாக வாங்கிய பொருள் கண்ணெதிரே பாழாகிக் கிடக்கிறது, அந்த மனிதருக்கு வாய்விட்டுத் திட்டக்கூட உரிமை இல்லை. இதைச் சரிசெய்யாமல் இந்த வீட்டில் இனி ஒரு வாய் சோறு தின்னக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். (மத்தியானம் மட்டும் சாப்பிட்டேன். கோழிக்குழம்பு.)

தலைதீபாவளிக்குப் போன மாப்பிள்ளைகள் மோதிரத்தோடு திரும்புவார்கள். நான் நாறும் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸில் என்னைச் சுற்றி எல்லா சீட்டும் காலி.

இந்தமுறை படித்துவிட்டுத்தான் கைவைத்தேன். மீன் தண்ணீர் கொட்டினால் தேய்க்கக்கூடாது, உலர்ந்த துணியால் அழுத்தி ஒற்றியெடுக்க வேண்டும். வெந்நீர் ஆகவே ஆகாது, வாடையை நூலோடு ஒட்டவைத்துவிடும். எதை ஊற்றுவதானாலும் முதலில் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். வினிகரையும் பிளீச்சையும் ஒருநாளும் கலக்கக்கூடாது, கம்பளத்தோடு நம் நுரையீரலும் போய்விடும். நீர் கலந்த வினிகரை ஒற்ற ஒற்ற, சிவப்பு மறுபடி மஞ்சளானது. வாடைக்கென்றே விற்கும் நொதிக் கரைசலைத் தெளித்து ஊறவைத்து, நல்ல தண்ணீரால் அலசினேன். பிறகு மின்விசிறிக்கு அடியில், அடிப்பக்கமும் காயும்வரை காத்திருந்தேன். ஈரம் தங்கினால் வாடை திரும்பி வரும். மழைக்காலம் முடிந்ததும் மொட்டைமாடி வெயிலில் போட்டேன். மஞ்சள் கறை வெயிலுக்குப் பயந்தது. நாளாக நாளாக வெளுத்தது.

பொங்கலுக்குக் கம்பளத்தோடு போய் இறங்கினேன். மாமா அதைக் கூடத்தில் விரித்தார். கதவைச் சாத்தினார். குப்புறப் படுத்து, மூலைக்கு மூலை மூக்கை வைத்து மோந்தார். ஓர் ஓரத்தில் மட்டும் லேசாக மஞ்சள் இருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு என் எதிரே வந்து நின்றார்.

"இப்ப சொல்றேன் மாப்ள. கம்பளத்துக்கு எவனாச்சும் புளி கரைச்சு ஊத்துவானாய்யா? புள்ளைவோளுக்குப் பாடம் சொல்லித்தர்ற வாத்தியாரு! மீன் வாங்குறேன்னு போவயில நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னனே, கேட்டியளா?"

தீபாவளியிலிருந்து அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். கம்பளம் பிழைக்கும்வரை காத்திருந்திருக்கிறார் மனிதர். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. அத்தை வந்து அவரை இழுக்கப் பார்த்தார். "விடுங்கத்தை, இன்னும் இருக்கும்" என்றேன்.

போன வருஷம் ரேவதிக்கும் கணவருக்கும் தலைதீபாவளி. அதே கம்பளம் விரித்திருந்தது. புது மாப்பிள்ளை பாவம், ரொம்ப நல்ல பையன். காபி குடித்த கையோடு எழுந்து, "நான் எதாச்சும் ஒத்தாசை பண்ணவா மாமா?" என்று கேட்டுவிட்டார்.

மாமா, அத்தை, கவிதா, ரேவதி, பால் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அம்மாள் உட்பட எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "ஒண்ணும் பண்ண வேணாம், உக்காருங்க!"

அவர் திகைத்துப்போய் உட்கார்ந்தார். அந்த வீட்டில் மாப்பிள்ளைகள் ஒரு துரும்பைக்கூட அசைக்க வேண்டியதில்லை. இந்த மரியாதையை வாங்கிக் கொடுத்தது யார் என்று அவருக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் மாமா என் காலடியிலிருந்த கம்பளத்தை மெல்ல உருவி, சுருட்டிப் பரணில் ஏற்றிவிட்டார்.