காலர் வைத்த பறவை

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை என்று டெய்லர் சபதம் எடுத்திருந்தார். கொல்லைப்புறத்தில் ஓட்டை வாளி, கால் உடைந்த நாற்காலி, பாசி பிடித்த தொட்டி, இடுப்பளவு களை எல்லாம் மாதக்கணக்கில் அவருக்காகக் காத்திருந்தன. மனைவியும் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். காதில் பஞ்சு வைக்காமலே கேட்காமலிருக்கும் வித்தை அவருக்குக் கைவந்திருந்தது.

காலையில் ஜன்னலோரம் நின்று சவரம் செய்துகொண்டிருந்தபோது கொல்லையில் பளிச்சென்று ஏதோ பறந்தது. களைக்குள் இறங்கியது போலிருந்தது. ஏறியது போலவும் இருந்தது. அப்புறம் காணோம்.

"இங்க ஓடி வா! ஒரு பறவை! இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல!"

"எப்படி இருந்துச்சுங்க?"

"மஞ்சள் உடம்பு. சட்டைக்கு வெச்ச மாதிரி கறுப்புல கை. காலர் வெச்சிருந்துச்சு."

"காலரா? பட்டன் போட்டிருந்துச்சா?"

"கிண்டல் பண்ணாதே. அது என்ன பறவைன்னு சொல்லு."

"எனக்கென்ன தெரியும்? பக்கத்து வீட்டு சாரைக் கேட்டாத் தெரியும். நீங்க சோப்பைக் கழுவிட்டு வாங்க, நான் போய்க் கூப்பிட்டு வைக்கிறேன்."

பக்கத்து வீட்டு சாருக்கு பேங்க்கில் வேலை. விடுமுறை நாளில் கழுத்தில் பைனாகுலர். பாதிச் சவரத்தோடு டெய்லர் மதில் அருகே போனபோது விசாரணை தயாராக இருந்தது.

"அலகு என்ன நிறம், டெய்லர்?"

"கறுப்பு... இல்ல, சிவப்பு."

"வால்?"

"நீளம். ஆனா குட்டை."

"மஞ்சள்னு நிச்சயமாத் தெரியுமா? பச்சையா இருக்கலாமே?"

"பச்சையாவும்... இருந்துச்சு சார்."

ஒவ்வொரு கேள்விக்கும் பறவையின் ஓர் உறுப்பு மாறியது. கடைசியில் கிளி உடம்பும் கோழி வாலுமாக ஒரு ஜந்து அவர் மனத்தில் நின்று திருதிருவென்று விழித்தது. அவரும் விழித்தார்.

"ஒரு வாலை ஒழுங்காப் பார்க்காத கண்ணு, என் கோட்டுக்கு எப்படி அளவெடுக்கும்? வேற கடையைப் பார்க்க வேண்டியதுதான்."

டெய்லருக்குச் சுருக்கென்று தைத்தது. தெருவில் போகிறவரைப் பார்த்தே தோள் அகலம் சொல்கிறவர் அவர். அந்தக் கண்ணை நம்பித்தான் கடையே நடக்கிறது. இருட்டுவதற்குள் அந்தப் பறவையை மறுபடி பார்த்தே தீருவது என்று கொல்லையில் போய் நின்றார்.

"அது களைக்குள்ள நடமாடினா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மனைவி.

நியாயம்தானே? களையைப் பிடுங்கினார்.

"ஓட்டை வாளி காத்துல கடகடங்குது. பயந்துக்காதா?"

வாளி வெளியே போனது.

"தண்ணி இருந்தா வரும். ஆனா இந்தப் பாசித் தண்ணியை எந்தப் பறவைங்க குடிக்கும்?"

தொட்டியைத் தேய்த்தார்.

"எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே பார்ப்பீங்க? நாற்காலிக்குக் காலை ஒட்டிட்டா உக்காந்து பார்க்கலாமே."

ஒட்டினார். அவள் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் துணிக்கொடியில் அது வந்து சாவகாசமாக அமர்ந்தது. டெய்லர் மதிலுக்குப் பாய்ந்து மூச்சுவிடாமல் ஒப்பித்தார்: "சார்! உடம்பு மஞ்சள்தான்! இறக்கை கறுப்பு! அது காலர் இல்ல, கண்ணோரம் பைப்பிங் வெச்ச மாதிரி கறுப்புல ஒரு கோடு! அலகு இளஞ்சிவப்பு! வால் அளவா இருக்கு!"

"மாங்குயில்" என்றார் சார், பைனாகுலரைத் தொடாமலே.

"பார்க்காமலே எப்படி சார்?"

"தினமும் வருதே! துணி காயப்போடும்போது உங்க வீட்டம்மாதான் போன மாசம் எனக்கே காட்டினாங்க."

"அப்போ காலையில ஏன் சார் அத்தனை கேள்வி?"

"கொல்லை சுத்தமாகிற வரைக்கும் பேரைச் சொல்லிடாதீங்க, நல்லாக் குழப்பி விடுங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. கோட்டுத் துணியை நாளைக்குக் கொண்டுவரேன்."

டெய்லர் விடுவிடென்று மனைவியிடம் வந்தார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தார்.

"உஷ்! சத்தம் போடாதீங்க" என்றாள் அவள், அண்ணாந்து பார்த்தபடி. "மொட்டை மாடியில, அந்தப் பழைய மூட்டைங்களுக்குப் பின்னால, இப்பத்தான் ஒண்ணு புகுந்துச்சு. நீலமா, கறுப்பான்னு சரியாத் தெரியல."

டெய்லருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதே கோபத்தோடு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு படியேறப் போனவர், திரும்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"வால் எப்படி இருந்துச்சு?"