ஓவியப்புலவர் வந்திருக்கிறார்

ஓவியர் வந்து மூன்று நாளாகியும் தூரிகையைத் தொடவில்லை. அவர் பெரிய ஓவியர் என்பதற்கு அதுவே போதும் என்று கணக்கப்பிள்ளை கந்தப்பன் வாதாடிக்கொண்டிருந்தார்.

"சும்மா ஆளா இருந்தா வந்த அன்னிக்கே சொவத்துல கிறுக்கியிருப்பான்ங்கய்யா. இவரு யோசிக்கிறாரு."

"யோசிக்கட்டும் காணும். அடுத்த சனிக்கிழமை தோட்டத்துத் துரை வந்து மண்டபம் திறக்கிறார், இன்னும் பத்து நாள்தான் கிடக்கு," என்றார் பெரிய கிளாக்கர் முத்துலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். மண்டபக் கமிட்டிக்குத் தலைவர். "வெள்ளைச் சுவரைக் காட்டினா என்ர மரியாதை என்னாகிறது?"

அந்த மரியாதைக்கு ஒரு சரித்திரம் உண்டு. தோட்டத்து சனம் வேலை முடிந்து பொழுதுபோக்க ஒரு மண்டபம் கட்டினார்கள். அதன் முன்சுவர் முழுக்கப் படம் வரைய ஆள் தேடியபோது மூன்று விண்ணப்பங்கள் வந்தன. ஒருவர் தாம் வரைந்த படமொன்றை மட்டும் அனுப்பியிருந்தார். சான்றிதழ் இல்லாததால் அவரை முதலிலேயே தள்ளிவிட்டார்கள். இன்னொருவரிடம் ஒரே ஒரு சான்றிதழ்தான். மூன்றாமவர் 'ஓவியப்புலவர்' சிவபாதம். அவர் பதினொரு சான்றிதழ் அனுப்பியிருந்தார், அவற்றில் ஏழில் முத்திரை வேறு.

"படத்தை ஆரும் பாக்கலாம். முத்திரையைப் பாக்கத்தான் எங்களைப்போல ஆக்கள் வேணும்," என்று முத்துலிங்கம் தேர்வை முடித்துவைத்தார்.

கொட்டகலை ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவரும் பொறுப்பு கந்தப்பனுக்கு. ரயிலிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கினார். தோளில் பை, கையில் நோட்டுப் புத்தகம், காதில் பென்சில்.

"நம்ம தோட்டத்துக்கு வர்ற ஐயாதானுங்களே?"

"ஓம்," என்றார் அவர்.

அதற்கப்புறம் தோட்டம் வந்துசேரும்வரை கந்தப்பன்தான் பேசினார். தம் வீட்டு முன்னறையைக் காலிசெய்து அவரைத் தங்கவும் வைத்தார்.

வந்தவர் சுவரை ஒருமுறை பார்த்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தோடு தொழிலாளர் குடியிருக்கும் வரிசையறைகளான லயத்துக்குள் போனவர், வெளியே வரவேயில்லை. காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினார். எங்கே பிறந்தது, எந்த வருஷம் தோட்டத்துக்கு வந்தது, எத்தனை பிள்ளை என்று கேட்டார். சொன்னதை எழுதிக்கொண்டு, சொன்னவர் முகத்தைப் பக்கத்திலேயே வரைந்தும் வைத்துக்கொண்டார்.

முகத்தை வரைந்ததைப் பற்றி லயம் கவலைப்படவில்லை. கேள்விகளைப் பற்றித்தான் கவலை. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டு நாலு வருஷமாகிறது. என்றைக்கோ ஒருநாள் விசாரணை ஐயா வருவார், இந்தியாவில் சொத்துசுகம் என்று ஒரு வார்த்தை வாயில் வந்தால் மனு குப்பைக்குப் போகும் என்று தூக்கத்திலும் பயந்துகொண்டிருந்த சனம் அது.

கொழுந்து பறிக்கிற வேலாயி ஓடிவந்தாள்.

"கணக்கப்பிள்ளையய்யா, இந்தாளப் பாத்தா விசாரணை ஐயா மாதிரியே இருக்குங்க. நான் கதவச் சாத்திப்புட்டு வந்துட்டேன்."

"அட கூறுகெட்டவளே, விசாரணை ஐயா ஒம்மூஞ்சிய ஒக்காந்து படம் வரைவாராக்கும்? இவரு படக்காரரு. ஆளு பெரிய எடமா இருந்தாத்தான் சொவத்துல பெருசா வரைவாரு. போயி வீட்டுப் பெருமைய நல்லா எடுத்து விடு."

வேலாயி எடுத்து விட்டாள். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அன்று பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்க ஜமீன் பரம்பரையாகிவிட்டது. வேலாயிக்குத் திருச்சிப் பக்கம் நாலு ஏக்கர் நஞ்சை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற அழகனுக்கு மதுரையில் மாடிவீடு, அதுவும் ரெண்டு. காளியாயியின் மாமனார் வருஷம் தவறாமல் தஞ்சாவூர் போய் நெல் அளந்து வருகிறாராம். அந்த மாமனார் செத்துப் பன்னிரண்டு வருஷம்.

வந்தவர் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்.

"ஒரு சொவத்துக்கு இம்புட்டு ஒழைப்பா!" என்று கந்தப்பன் கண்கலங்கினார். "இதுதாங்கய்யா கலைங்கிறது."

ஐந்தாம் நாள் தந்தி வந்தது. 'சுகவீனம். வர இயலாது. சான்றிதழ்களைத் திருப்பி அனுப்பவும். ஓவியப்புலவர் சிவபாதம்.'

முத்துலிங்கம் அதை மூன்று தரம் படித்தார்.

"அப்ப உம்முடைய வீட்டில கோழிக்கறி தின்னுறது ஆர், காணும்?"

கந்தப்பன் பக்கத்திலிருந்த தேயிலைப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். மனுக்களை எழுதிக்கொடுத்ததே அவர்தான். 'இந்தியாவில் சொத்தோ போக்குவரத்தோ எதுவுமில்லை' என்று நாற்பத்திரண்டு குடும்பத்துக்கும் தம் கையாலேயே எழுதியிருந்தார். நாற்பத்திரண்டாவது குடும்பம் அவருடையது.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலை பிரிப்பதற்கு முன்னால், அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவருதான் விசாரணை ஐயா. நேரா அவருகிட்டப் போயி, சொன்ன சொத்தையெல்லாம் இல்லேன்னு சொல்லிட்டு வாங்க. என் வாய நான் அப்புறம் தச்சுக்கிறேன்."

போனார்கள்.

"நாலு ஏக்கர் சொன்னேங்கல்ல, அத வெள்ளம் கொண்டுபோயிருச்சுங்க," என்றாள் வேலாயி.

"நாலையுமோ?"

"திருச்சியவே கொண்டுபோயிருச்சுங்க சாமி!"

அழகனின் மாடிவீடுகள் ஒரே ராத்திரியில் இடிந்து விழுந்திருந்தன. காளியாயி, மாமனார் போய்விட்டார் என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"எப்ப?"

"பன்னெண்டு வருசமாச்சுங்க!"

"பிறகு நெல் அளந்தது ஆர் அம்மா?"

காளியாயி அழுகையை நிறுத்தி யோசித்தாள். மறுபடியும் அழுதாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

கடைசியில் கந்தப்பனே பெயிண்ட் டின்களைத் தூக்கிக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்தார்.

"ஐயா, நீங்க படக்காரருதான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. எனக்கு அது போதும்."

அவர் டின்களைப் பார்த்தார். கந்தப்பனைப் பார்த்தார். வந்து இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஏணி ஒண்டு கிடைக்குமோ?"

ஆறு நாள் அவர் ஏணியை விட்டு இறங்கவில்லை. வேலைவிட்டு வருகிற சனம் கொழுந்துக் கூடையை இறக்காமலே சுவருக்கு முன்னால் நின்றது. பனி விழுந்தும் போகவில்லை.

மாடிவீடும் நஞ்சையும் அந்தச் சுவரில் இல்லை. வேலாயி இருந்தாள். இடுப்பில் சாக்குப் படங்கு, தலையில் கூடைக்கயிறு, செடிக்குமேல் இரண்டு கைகளும். அந்த விரல்களில் தேயிலைச் சாயம் ஏறிய கறுப்பு, இடது சுட்டுவிரலில் பழைய வெட்டுத் தழும்பு. அழகன் கவ்வாத்துக் கத்தியோடு குனிந்திருந்தான், அவன் முதுகு வளைவிலேயே இருபது வருஷம் தெரிந்தது. ஒவ்வொருவர் பின்னாலும் அவரவர் காம்பரா, கதவுக்கு மேலே நம்பர். மலையோரமாய் ஒரு சின்ன மண்மேடு, அதன்மேல் முளைத்த தேயிலைச் செடி. மாமனாரைப் புதைத்த அந்த இடத்தை அடையாளம் கண்ட காளியாயி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். இந்தத் தடவை அழுகை நிஜமானது.

"என் கை இம்புட்டு அழகாவா இருக்கு?" என்று வேலாயி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

முத்துலிங்கம்கூட முத்திரை கேட்கவில்லை.

"விசாரணை ஐயாவுக்கு இப்புடிக் கை வருமாங்க? படக்காரரேதான்!" கந்தப்பனுக்குப் போன உயிர் திரும்பியது.

"ஐசே, படம் மட்டும் அனுப்பினானே ஒருத்தன், அவன்தான் இவன். இவனை எடுப்பமெண்டு நான் அப்பவே சொன்னனான்," என்றார் முத்துலிங்கம்.

சனிக்கிழமை துரை வந்து நாடாவை வெட்டினார். சுவர்முன் வந்ததும் தொப்பியைக் கழற்றினார். திறமையைக் கண்டுபிடிக்கத் தாம் பட்ட பாட்டைப் பற்றி முத்துலிங்கம் சொற்பொழிவைத் தொடங்கினார். ஓவியர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஹட்டன் பஸ்ஸிலிருந்து இறங்கிய காக்கிச்சட்டைக்காரன் ஒருவன் மூச்சிரைக்க ஏறிவந்து, நேராகக் கடைசி வரிசைக்குப் போய் சலாம் வைத்தான்.

"சேர், நாப்பத்திரண்டு மனுவையும் சரின்னு எழுதி, இவங்க இங்கயே வாழ்றவங்கங்கிறதுக்கு மண்டபத்து முன்சுவர் சாட்சின்னு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தீங்களே, பிரஜாவுரிமைக் கந்தோருல பெரியவரு அந்தச் சாட்சியக் கையோட கொண்டாரச் சொல்லிட்டாரு, இத எப்படி சேர் பஸ்ல ஏத்துறது?"