பலாக்காயும் என் யெஸ்ஸும்

எங்கள் வீட்டுக்கு ஆங்கிலம் வந்தது அப்பா வழியாகத்தான். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவில் வேலை பார்த்த அவர் அங்கிருந்து கொண்டுவந்த சொல் ஒன்றே ஒன்று: யெஸ். "துரை என்னா கேட்டாலும் யெஸ்ஸுன்னு சொல்லிறணும். நோ எல்லாம் நம்ம வாயில வரக்கூடாது" என்பார். பதுளையில் ஆங்கில வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிய பிறகும் என் வாயிலிருந்து முதலில் குதித்தது அந்த யெஸ்தான்.

அந்தச் சான்றிதழைக் காட்டி சுற்றுலாக்காரர்கள் வரும் எல்ல என்ற மலையூரில் ஒரு தங்குவிடுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே சைவம் மட்டும் சாப்பிடும் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். அவர் முன்னால் பலாக்காய்க் கறியை வைத்தேன். (பார்வைக்கு அசல் ஆட்டிறைச்சி!)

கரண்டியைத் தூக்கியவர் சந்தேகத்தோடு கேட்டார்: "நோ மீட்?"

ஆமாம், இறைச்சி இல்லைதானே? "யெஸ் மேடம்!"

கரண்டி கீழே விழுந்தது. "மீட்?"

"நோ மேடம்!"

மறுபடி எடுத்தார். வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார். "ஸோ... நோ மீட்?"

"யெஸ் மேடம்!"

தட்டு என் பக்கம் வந்தது. நான் அவர் பக்கம் தள்ளினேன். எல்லவின் மலைக்குளிரிலும் இருவருக்கும் வியர்த்தது. பாவம், இந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் வராதோ என்றுகூட நினைத்தேன்.

யாழ்ப்பாணத்துக்காரரான மேனேஜர் ஓடிவந்தார். "என்ன பிள்ளை, இறைச்சி இல்லையெண்டு நீர் சொல்லேல்லையோ?"

"ஆமா சார்."

"சொல்லேல்லையா?"

"இல்ல சார், சொன்னேன்."

"ஆமோ, இல்லையோ? ஒண்டைச் சொல்லும்!"

எனக்கே தெரியவில்லை. சமையலறைக்கு ஓடி, பாதி வெட்டிய பலாக்காயைப் பால் வடிய வடியக் கொண்டுவந்து மேசையில் தொப்பென்று வைத்தேன். மேடம் நாற்காலியோடு பின்னால் போனார். (என் மற்றக் கையில் கத்தி இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.)

அவர் பாண் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் முதல் எனக்குச் சமையலறையில் வேலை. காய்கறிகள் கேள்வி கேட்காது என்பது மேனேஜரின் நம்பிக்கை.

பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "பொண்ணுக்கு மறுப்பு ஒன்னும் இல்லையே?"

நான் வாயைத் திறந்ததும் அக்கா பாய்ந்து வந்து பொத்தினாள். "இவ பேச வேணாங்க. தலைய மட்டும் ஆட்டட்டும்."

ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று என் கணவர் வீட்டில் இன்றும் தகராறு.