பின்னிருக்கைச் சாய்மானப் படலம்

வாழ்க, வாழ்க, ஆர்வோ நீமெலா! பனிமலைகளைப் பிளந்து ஊருக்கு வழி சமைக்கும் வண்டியின் சாரதியே, சாலையெங்கும் உப்பைத் தூவி மார்க்வெட் நகரத்தாரை வழுக்காமல் காத்த வள்ளலே, உன் வலக்கை ஸ்பானர் வெல்க! சுப்பீரியர் ஏரியின் குளிர்காற்றே, சற்று நின்று கேள். ஜூன் மாதத்துச் சனிக்கிழமைக் காலையில் அவன் வீட்டுக் கார் ஷெட்டில் மூண்ட பெரும்போரின் வரலாறு இது.

பெரும்போர்கள் பலவற்றையும் போல இதற்கும் காரணம் ஒரு பெண்தான். பதினொரு ஆண்டுகளாக அவன் மனைவி டார்லீன் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறவில்லை. "முதுகு சாய ஏதாவது இருந்தா வரேன். இல்லேன்னா எங்க அண்ணன் கார்ல போறேன்" என்பது அவள் ஆணை. அன்று மதியம் மாக்கினா பாலத்துக்குப் பயணம். அவள் கைகள் மறுபடி தன் இடுப்பைச் சுற்றிக்கொள்ளும் என்ற ஒரே ஆசையில் நம் நாயகன் கறுப்புத் தோல் போர்த்த சாய்மானம் ஒன்றை வாங்கி வந்திருந்தான். அதைப் பொருத்த வேண்டுமானால், பின்சக்கரத்தின் இருபுறமும் துவாரபாலகர்போல் நிற்கும் ஷாக் அப்சார்பர்களின் மேல் போல்ட்டுகளைக் கழற்றி, நீளமான புதிய போல்ட்டுகளை ஏற்ற வேண்டும்.

வண்டியின் வயிற்றுக்கு ஜாக்கியை முட்டுக்கொடுத்துவிட்டு இடப்பக்கத்துப் போல்ட்டின்மேல் படையெடுத்தான். அசையவில்லை அந்தத் துருக்கோட்டை. துருவைத் தந்தது உப்பு. உப்பைத் தூவியதோ ஆர்வோவின் கை! தான் விதைத்த சேனையே தன்னை எதிர்க்கக் கண்ட அவ்வீரன் எண்ணெய் மாரி பொழிந்தான். சுத்தியலால் இடி இடித்தான். ஸ்பானரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி, பல்லைக் கடித்து, காலை ஊன்றி, மதயானை மரத்தை முறிப்பதுபோல் இழுத்தான். 'டக்'கென்று பணிந்தது போல்ட்.

டார்லீனின் அண்ணன் கோர்டி மடக்கு நாற்காலியில் கொலுவிருந்து, கைக்குள் அடங்காத, இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி ரொட்டியை மென்றபடி சொன்னான்: "மாப்ளே, ரெண்டு பக்கமும் ஒண்ணாக் கழட்டித் தொலையேன். பாதி நேரத்துல முடிஞ்சிரும். இல்லேன்னா என் கார்ல ஏசி இருக்கு."

ஆர்வோ முழங்கினான்: "மச்சான்! ஒரு பக்கம் மாட்டி முடிக்காம மறுபக்கத்தத் தொடமாட்டேன். ரெண்டையும் உருவினா வண்டி குந்திரும். அதுல உக்காரப் போறது உன் தங்கச்சி!"

ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. வாசலில் கைப்பையோடு நின்ற டார்லீனின் நெஞ்சம் வெண்ணெயாய் உருகியது. கைப்பையை அண்ணன் மடியில் போட்டுவிட்டு, தானே குனிந்து ஜாக்கியின் கைப்பிடியைப் பற்றினாள்.

புதிய போல்ட் நுழைய வேண்டிய துளைகளோ, வண்டிச் சட்டத்தில் ஒன்றும் ஷாக்கின் தலையில் ஒன்றுமாக நின்று, பகைகொண்ட பங்காளிகள்போல் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க மறுத்தன.

"மேல ஏத்து… இன்னும் ஒரு துளி… ஐயோ, அதிகம்! கீழ, கீழ!"

"கல்யாணத்தன்னைக்கு மோதிரம் போடக்கூட உனக்கு இவ்வளவு நேரம் ஆகல, ஆர்வோ."

"அன்னைக்கு உன் விரல் ஆடாம இருந்துச்சு டார்லீன். மேல!"

ஏற்றினாள், இறக்கினாள், மயிரிழை ஏற்றினாள், அரை மயிரிழை இறக்கினாள். இடப்பக்கத்துக் கோட்டை வீழ்ந்தது. கொடுத்த வாக்குத் தவறாத வேந்தன் அதன் பிறகே வலப்பக்கத்தைத் தொட்டான். அங்கும் அதே துரு, அதே போர், குனிந்த அதே டார்லீன். இறுதியில், போதிய முறுக்கு ஏறியதும் தானே ஒலியெழுப்பும் ஸ்பானர் 'கிளிக்' என்று வெற்றிச்சங்கு ஊத, சூரியன் மேகம் விலக்கிப் பார்க்க, சாய்மானம் சிம்மாசனம்போல் நிமிர்ந்து நின்றது. முழங்கைவரை கிரீஸ் பூசிய ஆர்வோ, ஹெல்மெட்டை மணிமுடிபோல் இரு கையாலும் ஏந்தித் தன் அரசியின்முன் மண்டியிட்டான்.

இரண்டு மணி நேரம் குனிந்து ஜாக்கி போட்டதில் முதுகு பிடித்துக்கொண்டதால், டார்லீன் அண்ணன் காரிலேயே போனாள்.