முகம் பொருந்தவில்லை

"முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்," என்றது வாசல் கதவில் பொருத்தியிருந்த மெஷின்.

புகார் சார் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். மாட்டிக் காட்டினார். கன்னத்தைத் திருப்பி இரண்டு பக்கமும் காட்டினார்.

"முகம் பொருந்தவில்லை."

"பொருந்தாம எங்க போகும்? நாப்பத்தி நாலு வருஷமா இதே முகம்தான்!"

துணி துவைக்கும் இயந்திரம் தயாரிக்கும் அந்த நிறுவனத்தில் அவர் புகார்ப் பிரிவின் தலைவர். யார் வீட்டில் மெஷின் தண்ணீர் கக்கினாலும், சட்டையைக் கடித்துத் துப்பினாலும், திட்டு வந்து விழுவது அவர் காதில்தான். அம்மா அப்பா வைத்த பெயர் எப்போதோ காணாமல் போய், எல்லோருக்கும் அவர் புகார் சார் ஆகிவிட்டார். அன்றைக்குக் காலையில் வேறு குளியலறைக் குழாய் கையோடு கழன்று வந்துவிட்டது. அதோடு மல்லுக்கட்டி, பஸ்ஸைத் துரத்திப் பிடித்து, எதிரில் வந்தவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டே வந்து சேர்ந்தவரைத்தான் மெஷின் யாரென்று கேட்கிறது.

கதவை ஒட்டிக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே புதிதாகச் சேர்ந்த காவல்கார அம்மாவின் தொப்பி மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"அம்மா, கொஞ்சம் திறந்து விடுங்களேன். நான் இங்கதான் வேலை பார்க்கிறேன்."

அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. ஒரு கை மட்டும் கண்ணாடிக்கு மேல் எழுந்து, மெஷினைக் காட்டிவிட்டு இறங்கிவிட்டது.

பின்பக்கம் சரக்கு இறக்கும் வழியாகச் சுற்றி உள்ளே போனபோது மேலாளர் காத்திருந்தார். முகம் காட்டும் மெஷினை வாங்கிப் பொருத்தியவர் அவர்தான். பெற்ற பிள்ளையைக்கூட அவ்வளவு நம்பியிருக்க மாட்டார்.

"மெஷினுக்கு உங்க மேல என்ன சார் பகை? உங்க முகத்துலதான் ஏதோ ஆகியிருக்கு. லேட்டுக்கு ஒரு நாள் லீவு கட். விதின்னா எல்லாருக்கும் விதிதான்."

ஏழு நாள் லீவில் ஒன்று போனால் ஆறு என்று புகார் சார் விரல்விட்டு எண்ணினார். மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, ஒருவழியாக அடுத்த வாரம் மனைவியையும் மகளையும் கடலோரத்துக்கு அழைத்துப் போகிறார். இந்தத் தடவையும் போகவில்லையென்றால் மகள் தன்னை மன்னிக்கவே மாட்டாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும், மகள் கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து, பெரிய பந்தை எடுத்துக் காற்றைப் பிடுங்கி, அது புஸ்ஸென்று அடங்கும்வரை அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, எனக்குப் புரிஞ்சுபோச்சு!" என்றான் மச்சான். மனைவியின் தம்பி. வேலை தேடுகிறேன் என்று வந்து தங்கியவன், சோபாவில் படுத்தபடி கைப்பேசியில் மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிறான். "இதெல்லாம் டென்ஷன் பண்ற வேலை. நம்ம உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லுலயும் நூல் மாதிரி ஒண்ணு இருக்கு. டென்ஷன் ஏற ஏற அதோட முனை தேய்ஞ்சுபோகும். வயசு கிடுகிடுன்னு ஓடிரும். மனுசங்க கண்ணுக்குத் தெரியாது மாமா, மெஷின் கண்டுபிடிச்சிருச்சு."

"அப்படின்னா என் முகம்..."

"கிழமாயிருச்சு."

"டேய், அவரைப் பயமுறுத்தாதே," என்றாள் மனைவி. ஆனால் அவளும் விளக்கைப் போட்டுக் கணவரின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். அதுதான் அவரைக் கொன்றது.

உடனடி நிவாரணம் தலைச்சாயம் என்று மச்சான் தீர்ப்புச் சொன்னான். அவனே பூசியும் விட்டான். தலையில் பூசியது பாதி, நெற்றியில் வழிந்தது பாதி. சோப்பு, எண்ணெய், தரை தேய்க்கும் பிரஷ் எதற்கும் அது அசைந்து கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மெஷின் நெடுநேரம் யோசித்தது. "முகம் பொருந்தவில்லை," என்றது. பிறகு தும்மியது.

தும்மல்கூட வைத்திருக்கிறார்களே என்று புகார் சாருக்கு அந்த நேரத்திலும் ஆச்சரியமாக இருந்தது. மேலாளர் இன்னொரு நாளை வெட்டினார். மகள் பெட்டியிலிருந்து மண் அள்ளும் வாளியை வெளியே வைத்தாள்.

"மீசை மாமா! மீசையில நரை இருக்கு. அதுதான் காட்டிக் கொடுக்குது."

பதினெட்டு வருட மீசை போயிற்று. மகள் கதவைத் திறந்து, "யார் வேணும்?" என்று கேட்டாள். புதன்கிழமை காலையில் அவரைப் பார்த்ததும் மெஷினுக்குள்ளிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம் வந்தது.

"முகம்..." என்று தொடங்கிய மெஷின் நிறுத்திக்கொண்டது. ஏதோ காகிதம் சரசரத்தது. "சற்றுச் சிரிக்கவும்."

"சிரிக்கிற நிலைமையிலயா நான் இருக்கேன்?" என்று புகார் சார் பல்லைக் கடித்தார்.

"முகம் பொருந்தவில்லை."

அன்றிரவு மச்சான் கடைசி ஆயுதத்தை எடுத்தான். முட்டை வெள்ளைக்கரு, எலுமிச்சம் சாறு, தேன், அடுப்படியில் பெயரில்லாமல் கிடந்த இரண்டு டப்பாத் தூள் எல்லாவற்றையும் குழைத்து மாமாவின் முகத்தில் அப்பினான். "அசையாதீங்க, பேசாதீங்க, டென்ஷன் ஆகாதீங்க," என்று சொல்லிவிட்டு அவன் தூங்கிப்போனான். புகார் சார் டென்ஷன் ஆகக் கூடாதே என்ற டென்ஷனில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுவிய பிறகு பார்த்தால், முகம் பூசணிக்காய் அளவுக்குச் சிவந்து வீங்கியிருந்தது.

வியாழக்கிழமை மெஷின், "ஐயையோ," என்றது. பிறகு சுதாரித்துக்கொண்டு, "முகம் பொருந்தவில்லை. மருத்துவரை அணுகவும்," என்றது.

"நம்ம மெஷின் நோயெல்லாம் கூடக் கண்டுபிடிக்குதே!" என்று மேலாளர் பூரித்துப்போனார். அதே பூரிப்போடு நாலாவது நாளையும் வெட்டினார்.

மிச்சமிருந்தது மூன்றே நாள். போக ஒரு நாள், வர ஒரு நாள். நடுவில் கடலைப் பார்த்துக் கையசைத்துவிட்டு வரலாம். நாளைக்கும் கதவு திறக்காவிட்டால் அதற்கும் வழியில்லை.

அன்று மாலை மகள் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். நீச்சல் உடையை எடுத்தாள். மடித்தாள். அப்பாவின் வீங்கிய முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, கடல் எங்கயும் போகாது. நீ இப்படி மூஞ்சியெல்லாம் வீங்கிக்கிட்டு வர வேணாம்ப்பா."

புகார் சார் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இந்தப் பெண்ணுக்காகத்தான் பரபரக்கிறோம் என்று நினைத்து, இவள் பக்கத்தில் உட்காரக்கூட மறந்துபோயிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

மனைவி நேராக எழுந்துபோய்த் தம்பியின் கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "இன்னையிலிருந்து இந்த வீட்டுல வைத்தியம் நான். ரெண்டு பேரும் எந்திரிங்க. அந்தப் பந்தை ஊதுங்க."

பந்தை ஊதினார்கள். ஊத ஊத மூச்சு வாங்கியது. மூச்சு வாங்க வாங்கச் சிரிப்பு வந்தது. கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு நாலு பேரும் பந்தை உதைத்தார்கள். மச்சான் கோல் தடுக்கப் பாய்ந்து சோபாவுக்குப் பின்னால் விழுந்தான். புகார் சார் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். படுத்ததும் தூங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வீக்கம் வடிந்திருந்தது. வருவது வரட்டும் என்று பஸ்ஸைத் துரத்தாமல் பூங்கா வழியாக நடந்தே போனார். ராகம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே மெஷின் முன்னால் போய் நின்றார். அதைப் பார்த்தால் பாவமாகக்கூட இருந்தது. அதுவும் தன்னைப்போல நாள் முழுக்க வாசலில் நின்று எல்லோருக்கும் பதில் சொல்லுகிற ஜீவன்தானே?

"என்னம்மா, நல்லா இருக்கியா? காலையில சாப்டியா?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார்.

மெஷினுக்குள்ளே காகிதம் சரசரத்தது.

"முகம் பொருந்துகிறது!" என்று கிட்டத்தட்டக் கத்தியது மெஷின். கதவு பட்டென்று திறந்தது.

அன்று முழுவதும் புகார் சாரைக் கையில் பிடிக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மேஜைமேல் ஏறாத குறைதான். "ஒரே ராத்திரியில பதினஞ்சு வருஷம் குறைஞ்சிருக்கு! மெஷினே ஒத்துக்கிச்சு! ரகசியம் என்ன தெரியுமா? மூச்சு! பந்து ஊதுற மாதிரி மெதுவா, ஆழமா. அப்புறம் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான்." மேலாளரே ஒரு ஓரமாகத் திரும்பி நின்று ஊதிப் பார்த்தார். ஆனால் வெட்டின லீவைப் பற்றிப் பேச்செடுத்ததும், "விதின்னா விதிதான் சார்," என்று மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் வாசலைத் தாண்டும்போது, "சார்," என்று யாரோ கூப்பிட்டார்கள்.

கறுப்புக் கண்ணாடி அறையிலிருந்து காவல்கார அம்மா வெளியே வந்தாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. இவளுக்குப் பேச வருமா என்று புகார் சார் ஆச்சரியப்பட்டார். அந்தக் குரலை வேறு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

"மத்தியானம் சொன்னீங்களாமே, அந்த மூச்சு விடுறது, அதை எனக்கும் சொல்லிக் குடுங்க சார். இப்ப மேனேஜர் ரூமுக்குப் போகணும். ஒரு உண்மையைச் சொல்லி, உங்க லீவைத் திருப்பிக் குடுக்கச் சொல்லணும். இந்த ஒரே வாரத்துல எனக்கு முன்னாடி முடியெல்லாம் நரைச்சுப்போச்சு."

"ஜம்முனு நிழல்ல உட்கார்ந்திருக்கிற வேலை. உங்களுக்கு என்னம்மா அப்படி ஒரு டென்ஷன்?"

"திங்கக்கிழமை வேலைக்குச் சேர்ந்த கையோட, பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு மெஷினை ஈரத்துணியால துடைச்சேன், பொசுக்குன்னு செத்துப்போச்சு, அன்னையிலிருந்து ஆபீஸ்ல குடுத்த போட்டோவையும் வர்றவங்க மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்துக் கதவைத் திறக்கிறதும் மைக்குல பேசறதும் நான்தான் சார், வேலைக்குச் சேர்ந்தப்ப எடுத்த போட்டோவுல நீங்க மீசையில்லாம வாயெல்லாம் பல்லா இருக்கீங்க, அந்த மூஞ்சி இன்னைக்குத்தானே சார் வந்துச்சு!"